ராஜரத்தினம் வாங்கிய வெற்றிலை

பர்மாவில், கியாக்தானுக்குத் தெற்கே, பஸ் போகும் சாலையை விட்டு வரப்பு வழியாக உள்ளே இறங்கினால் ராஜரத்தினம் உழும் வயல் வரும். உழும் வயல் என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய வயல் என்று யாராவது சொன்னால் அவரே பதறிப்போவார். நிலம், ரங்கூன் தாமுவேயில் மாடி வீட்டில் குடியிருக்கும் ஊ போ தின் என்ற பர்மியருடையது. ராஜரத்தினத்தின் பாட்டனார் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். முதுகு விட்டுப்போனதும் இந்தப் பக்கம் வந்து ஏர் பிடித்தார். அன்றிலிருந்து பாதி வாரக் குத்தகைதான். விளைவதில் பாதி நிலக்காரருக்கு. மீதிப் பாதியில் விதை, உரம், மாட்டுத் தீனி எல்லாம் போக மிஞ்சுவது இவர்களுக்கு. எலி மட்டும் யாரையும் கேட்காமல் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

ராஜரத்தினம் நல்ல உயரம். முறுக்கிவிட்ட மீசை. சோற்றுக்கே இழுபறியாக இருக்கும் மனிதருக்கு எங்கிருந்து வந்ததோ, ஒரு தொப்பையும் உண்டு. "நான் வடிச்சுப் போடுற கஞ்சியில இது எப்புடி வந்துச்சுன்னு எனக்கே வெளங்கலை" என்று அவர் மனைவி கமலாட்சி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். பார்க்கிறவர்களுக்கு அவர் ஒரு பெரிய மனுஷன். பேசிப் பார்த்தால்தான் தெரியும், எதிரில் நிற்கிறவன் வேலிக்குக் கால் நடுகிறவனாக இருந்தாலும் முதலில் கையைக் கட்டிக்கொள்கிறவர் என்று.

அந்த ஊர்ப்பக்கத்தில் வாரத்துக்கு எழுத்தும் கிடையாது, முத்திரையும் கிடையாது. நெல்லடித்துக் குவித்த பிறகு, அம்பாரத்தைப் பங்கு பிரிப்பதற்கு முன்னால், வாரக்குடி ஒரு தட்டில் வெற்றிலைச் சுருளை வைத்து நிலக்காரரிடம் நீட்ட வேண்டும். நிலக்காரர் எடுத்து வாயில் போட்டு மென்றால் அடுத்த வருஷமும் நிலம் அதே குடிக்குத்தான். எடுக்காவிட்டால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். களத்தைச் சுற்றி நிற்கிறவர்கள் சாட்சி. பர்மியர், தமிழர், கரேன் இனத்தவர் யாராக இருந்தாலும் இதில் மாற்றுப் பேச்சு கிடையாது. ஊ போ தின்னின் அப்பா ராஜரத்தினத்தின் அப்பாவிடம் வெற்றிலை வாங்கினார். ஊ போ தின் ராஜரத்தினத்திடம் வாங்கினார், வருஷம் தவறாமல்.

இந்த வருஷம் கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது, ஊ போ தின் போனை எடுக்கவில்லை. சாலையோரம் டீக்கடை வைத்திருக்கும் காளியம்மாதான் விஷயத்தை உடைத்தாள்.

"அண்ணே, ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா? நெலத்தை கோடவுன் கட்ட விக்கிறாராம். தன்லியின் டவுன்லேருந்து முத்து முகம்மது பாய் வந்து பாத்துட்டுப் போனாரு. அறுப்பு முடியட்டும்னு இருக்காங்க."

ராஜரத்தினத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் மாட்டை அவிழ்த்துக்கொண்டு எங்கே போவது? மகள் விஜயகுமாரி தன்லியின் பக்கம் தையல் தொழிற்சாலைக்குப் போகிறாள். அந்தச் சம்பளத்தில் மாடு கூடப் பிழைக்காது. அன்றைக்கு ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்துவிட்டு, நேரில் போய்க் காலில் விழுந்தாவது நிலக்காரரைக் களத்துக்கு வரவைப்பது என்று முடிவெடுத்தார்.

பெரிய மனிதரைப் பார்க்கப் போகிறோமே என்று வெள்ளைச் சட்டை போட்டார். கல்யாணத்துக்கு எடுத்த பட்டு லுங்கியைக் கட்டினார். மீசைக்கு எண்ணெய் தடவினார். வெற்றிலைப் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தாமுவேக்குப் பஸ் ஏறினார். அந்தப் பட்டு லுங்கிதான் எல்லா வினைக்கும் காரணம்.

ஊ போ தின் வீட்டில் இல்லை. தெருக்கோடியில் ஒரு சினிமா ஆபீசில் இருப்பதாக வேலைக்காரி சொன்னாள். ஓய்வெடுக்கிற வயதில் அவருக்கு நடிப்புப் பைத்தியம் பிடித்திருந்தது. கதாநாயகன் வேஷம் எனக்குத்தான் என்று சொல்லி ஒரு படத்துக்குக் கைப்பணம் போட்டிருந்தார்.

படத்தின் டைரக்டர் கோ ஸேயா, இளைஞர். அமெரிக்காவில் பருத்திக்காட்டில் வாரத்துக்குப் பாடுபட்டு, கடைசியில் காடும் இல்லாமல் கூரையும் இல்லாமல் நடுத்தெருவில் நின்ற ஒரு கறுப்புக் குடும்பத்தைப் பற்றி எங்கேயோ படித்து அழுதிருந்தார். அதைப் பர்மாவுக்குக் கொண்டுவந்து ஊரையே அழவைக்க வேண்டும் என்று துடித்தார். பருத்திக்குப் பதில் நெல். கறுப்பர்களுக்குப் பதில் யார் என்று யோசித்தபோது அவருக்குத் தமிழர்கள் ஞாபகம் வந்தார்கள். அதுவரைக்கும் சரி. தமிழனாக நடிக்க ஒரு தமிழனைக் கூப்பிடலாம் என்பது மட்டும் அந்த மனிதருக்குத் தோன்றவேயில்லை.

ராஜரத்தினம் கதவருகே தயங்கி நின்றார். உள்ளே ஊ போ தின் கிழிந்த பனியனும் அழுக்குத் துண்டுமாக, முகமெல்லாம் கரி பூசிக்கொண்டு, முழங்காலில் நின்று அழுது பழகிக்கொண்டிருந்தார். நிலக்காரர் மண்டியிட்டு நிற்கும்போது தான் மட்டும் நிமிர்ந்து நிற்பதா என்று ராஜரத்தினத்துக்கு உதறல் எடுத்தது. அவரும் சட்டென்று மண்டியிட்டார். இரண்டு பேரும் எதிரெதிரே முழங்காலில் நின்றார்கள், கும்பிட்டபடி.

"ஐயோ, நீங்கள் மண்டியிடக் கூடாது!" என்று கோ ஸேயா பர்மிய மொழியில் கத்தினார். பிறகு ராஜரத்தினத்தின் மீசையை, தொப்பையை, பட்டு லுங்கியை ஏற இறங்கப் பார்த்தார். "இவர்தான்! ஒரு மாதமாகத் தேடுகிறேன். ஏழையின் வயிற்றில் அடிக்கிற நிலக்காரன் முகம் என்றால் இதுதான்!"

"ஊஜீ..." என்று ராஜரத்தினம் தன் நிலக்காரரைப் பார்த்துக் குழறினார். பெரியவரை மரியாதையாகக் கூப்பிடும் பர்மியச் சொல் அது; பெயருக்கு முன்னால் வரும் 'ஊ'வும் அதே மரியாதைதான். ஊ போ தின்னுக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தார் போலிருக்கிறது. "நம் ஆள்தான். படப்பிடிப்பும் இவன் வயலில்தானே நடக்கப் போகிறது. இவனே இருக்கட்டும்" என்றார்.

ராஜரத்தினம் மறுக்கவில்லை. நடிக்கத் தெரியும் என்று நினைத்து ஒப்புக்கொண்டார் என்றா நினைக்கிறீர்கள்? கடைசிக் காட்சி களத்தில் என்று காதில் விழுந்தது. எப்படியோ ஊ போ தின் களத்துக்கு வருகிறார். தட்டை நீட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைக்காமலா போகும்? அது ஒன்றுதான் அவர் மனதில் ஓடியது.

வயலுக்கு வண்டிகள் வந்து இறங்கின. ஏழைக் குடும்பத்தின் வீடாகக் காட்ட முதலில் ராஜரத்தினத்தின் வீட்டைப் பார்த்தார்கள். கூரைமேல் கையகலத்துக்கு ஒரு சோலார் தகடு இருந்தது. மின்சாரம் வந்து வந்து போகிற ஊரில் போன் சார்ஜ் போட விஜயகுமாரி வாங்கி வைத்தது. "ஏழை வீட்டில் இதெல்லாம் இருக்குமா? பார்க்கிறவன் நம்ப மாட்டான்" என்று கோ ஸேயா உதட்டைப் பிதுக்கிவிட்டு, பக்கத்திலேயே புதிதாக ஒரு குடிசை போடவைத்தார். நல்ல மூங்கில், புது ஓலை. அசல் வீடு மூன்று வருஷமாக ஒழுகுகிறது, பொய் வீடு ஒழுக மாட்டேன் என்றது. அதனால் ஆள் ஏற்றிக் கூரையில் ஓட்டை போட்டார்கள். குழாய் பிடித்து மழை பெய்யவைத்தார்கள். கமலாட்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஆவணி மாசம் வந்திருந்தா எங்க வூட்டுலயே காசில்லாம காட்டிருப்பேனே" என்றாள்.

ஊ போ தின்னைத்தான் கையில் பிடிக்க முடியவில்லை. வாரக்குடி வேஷம் அவருக்கு அப்படி ஏறிவிட்டது. மத்தியானம் காரில் வந்த கோழிக்குழம்பைத் திருப்பி அனுப்பிவிட்டு, சோற்றில் ஙப்பி என்ற கருவாட்டு விழுது மட்டும் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். வரப்பில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். பக்கத்தில் ஒருவன் அவருக்கு விசிறி பிடித்துக்கொண்டிருந்தான். ராஜரத்தினத்துக்கோ நாற்காலி, குடை, முதல் டீ. நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு கூசியது. யாரும் பார்க்காதபோது இறங்கிக் கீழே உட்கார்ந்துகொண்டார்.

"உனக்குத் தெரியாது ராஜா," என்று ஊ போ தின் ஒருநாள் கண் கலங்கச் சொன்னார். "மண்ணை நம்பிப் பிழைக்கிற ஒரு ஏழை என்ன பாடு படுகிறான் என்று உனக்குத் தெரியவே தெரியாது."

"தெரியாதுங்க ஊஜீ" என்றார் ராஜரத்தினம். வேறு என்ன சொல்வது? துணியைப் பிரித்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். "ஊஜீ, அறுப்பு முடியப்போகுது. இந்த வருஷமும் என் கையால ஒரு சுருள்..."

ஊ போ தின் காதைப் பொத்திக்கொண்டார். "எடு, எடு அதை! நான் இப்போது வாரக்குடி. வாரக்குடி எங்கேயாவது வெற்றிலை வாங்குவானா? கஷ்டப்பட்டு வரவழைத்த துக்கத்தைக் கலைத்துவிடாதே."

காலையில் கேட்டாலும் இதே பதில், சாயங்காலம் கேட்டாலும் இதே பதில். கரியைக் கழுவிய பிறகு பிடித்துவிடலாம் என்று காத்திருந்தால், கழுவாமலே காரில் ஏறிப் போய்விடுவார். அந்தக் கரி அவருக்கு நல்ல வசதி. ராஜரத்தினத்துக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அதையும் அவர் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

களத்துக் காட்சியும் வந்தது. கையால் அறுத்து, மாடு கட்டி மிதித்து, நிஜ நெல்லை நிஜக் களத்தில் அம்பாரமாகக் குவித்திருந்தார்கள். சுற்றிலும் ஊர்க்காரர்கள், ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் நிற்கிற அதே ஆட்கள். இந்த வருஷம் நிற்பதற்குச் சாப்பாடு போட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். முன்வரிசையில் காளியம்மா கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

காட்சி இதுதான். வாரக்குடியான ஊ போ தின் தட்டில் வெற்றிலையை நீட்டுவார். நிலக்காரரான ராஜரத்தினம் தட்டைத் தட்டிவிட வேண்டும். வெற்றிலை மண்ணில் விழும், குடும்பம் கதறும். முதல்நாளே விஜயகுமாரி வீட்டில் சாப்பாட்டுத் தட்டை வைத்து அப்பாவுக்குப் பழக்கிக்கொடுத்தாள். "ஒரே தட்டுத்தான்ப்பா. தட்டிவிட்டா முடிஞ்சுது" என்றாள். வீட்டில் நன்றாகத்தான் தட்டினார்.

களத்தில் கேமரா ஓடியது. ஊ போ தின் தள்ளாடி வந்து, உதடு துடிக்க, தட்டை நீட்டினார். ராஜரத்தினம் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அது அவர் அப்பன் தட்டு நீட்டிய களம். இந்தக் களத்தில் வெற்றிலை மண்ணில் விழுந்தால் ஒரு குடி எழும்பிப் போகும் என்று கேட்டு வளர்ந்தவர். தன் கையாலேயே அந்த அபசகுனத்தைச் செய்வதா? கை தானாகத் தணிந்து சுருளை எடுத்தது. வாயில் போட்டு மென்றார்.

"கட்!" என்று கோ ஸேயா அலறினார். "ஊ ராஜா, தட்டிவிடுங்கள் என்றேன்!"

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் எடுத்து மென்றார். திட்டிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் கை ஓங்கும், நிற்கும், இறங்கும், சுருள் வாய்க்குள் போகும். வாயெல்லாம் சிவந்து, சுண்ணாம்பில் நாக்கு வெந்து, புகையிலைச் சாறு தலைக்கேறி ராஜரத்தினத்துக்குக் களமே சுற்றியது. கடைசியில் கோ ஸேயாதான் தோற்றார்.

"யாபாடே, யாபாடே, பரவாயில்லை. வெற்றிலையை வாங்கிக்கொண்டே ஏமாற்றுகிறான் என்று கதையை மாற்றிக்கொள்ளலாம். அதுவும் கொடூரமாகத்தான் இருக்கிறது" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் காளியம்மா எழுந்து முந்தானையை உதறினாள். "வாங்கிட்டாரு!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள். "ஊ போ தின் நீட்டினாரு, ராஜரத்தினண்ணன் வாங்கி மென்னாரு. நாங்க அத்தனை பேரும் கண்ணால பாத்தோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஊ போ தின்னும் சிரித்தார். ஆனால் சாயங்காலம் டீக்கடையில் அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்தபோது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மறுநாள் காலையில் ஒருவருமே சிரிக்கவில்லை. களத்தில் நீட்டியவர் குடி, வாங்கி மென்றவர் நிலக்காரர். ஊர் வழக்கத்தில் கேமராவுக்கு என்று தனி இடம் எங்கேயும் ஒதுக்கவில்லை. அறுப்புக் கூலிக்காரர்கள் அடுத்த நடவைப் பற்றி ராஜரத்தினத்திடம் கேட்டார்கள். வண்டிக்காரன் அம்பாரத்தில் ஊ போ தின் பங்கை ஏற்ற மறுத்து, "நிலக்காரர் சொல்லட்டும்" என்று ராஜரத்தினத்தின் முகத்தைப் பார்த்தான். ராஜரத்தினம் பயந்துபோய் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து முத்து முகம்மது பாய் நிலத்தை அளக்க ஆட்களோடு வந்து இறங்கினார். இறங்கியதும் டீ கேட்டார். டீயோடு காளியம்மா செய்தியையும் கொடுத்தாள். பாய் பாதி டீயிலேயே எழுந்துவிட்டார். களத்துமேட்டில் ஊ போ தின் கரி பூசிய முகத்தோடு ஓடிவந்தார். இன்னும் ஒரு காட்சி பாக்கியிருந்தது.

"அது நடிப்பு! சினிமா! இந்தக் கூத்தையெல்லாம் நீங்கள் நம்புகிறீர்களா?"

"நடிப்புன்னு நாங்களும் ஒத்துக்கிறோம்" என்றாள் காளியம்மா, முதலில் பாயிடம் தமிழிலும் பிறகு ஊ போ தின்னிடம் பர்மிய மொழியிலும். "களம் நெசக் களம். நெல்லு நெச நெல்லு. வெத்தில எங்கடையில வாங்கின நெச வெத்தில. இவரு மூஞ்சியில அப்பியிருக்குற கரி ஒண்ணுதான் பொய்யி."

முத்து முகம்மது பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊ போ தின், தப்பா நெனைக்காதீங்க. ஊரே ஒரு பேச்சு பேசுற மண்ணுல நான் கோடவுன் கட்டினா, மூட்டை எறக்க ஒரு ஆளு வருவானா? இந்த வில்லங்கத்தை ஒங்களுக்குள்ள தீத்துக்கிட்டு அப்புறம் சொல்லி அனுப்புங்க." வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஊ போ தின் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினார். கத்தினார், மிரட்டினார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வழிதான் சொன்னார்கள். அதே களத்தில், அதே சாட்சிகள் முன்னால், இந்தத் தடவை ராஜரத்தினம் நீட்ட வேண்டும், ஊ போ தின் வாங்கி மெல்ல வேண்டும். அப்படிச் செய்தால் அவர் மறுபடி நிலக்காரர்.

"மென்றால் இவனுக்கு அடுத்த வருஷம் நிலத்தை விட வேண்டுமே!"

"ஆமாம், விட வேண்டும்தான்" என்றார்கள்.

சொந்த நிலத்திலேயே வாரக்குடியாக இருப்பதா, ராஜரத்தினத்துக்கு இன்னொரு வருஷம் விடுவதா? ஊ போ தின் களத்தை இரண்டு சுற்று சுற்றினார். கமலாட்சி ஓடிப்போய்ப் புருஷனைக் கதவுக்குப் பின்னாலிருந்து இழுத்துவந்தாள். படப்பிடிப்புக்கென்று கட்டிய பட்டு லுங்கியோடு ராஜரத்தினம் வந்து நின்றார். தட்டை நீட்டினார். ஊ போ தின் எதிரில் வந்தார். கோபத்தில் மூக்கு விடைத்தது, அவமானத்தில் கண் கலங்கியது. கரியில் கண்ணீர் கோடு போட, பல்லைக் கடித்துக்கொண்டு சுருளை எடுத்து வாயில் திணித்து மென்றார்.

ராஜரத்தினத்துக்கு மூச்சு வந்தது. ஒரு வருஷம். மாட்டுக்குத் தீனி உண்டு, கமலாட்சிக்கு அடுப்பு உண்டு, வாசலிலிருந்து பார்த்தால் வயல் தெரியும். ஒரு வருஷம் பெரிய காலம்.

"அசையாதீர்கள்!" என்று ஒரு குரல். பாக்கிக் காட்சிக்காகக் காத்திருந்த கோ ஸேயா கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "ஊ போ தின், இந்த முகம்! இத்தனை நாளாக நான் கேட்டது இந்த முகத்தைத்தான். பறிகொடுத்தவன் முகம்! பார்க்கிறவன் எல்லாம் எழுந்து நிற்பான். இன்னும் ஒரே ஒரு தடவை, அப்படியே!"

ஊ போ தின் மென்றுகொண்டிருந்தவர் நின்றார். ஊர்க்காரர்களைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். அந்தக் கேமராவைப் பார்த்ததும் அவர் முதுகு தானாக வளைந்தது, உதடு தானாகத் துடித்தது. பைத்தியம் பிடித்த மனிதர், வேறென்ன செய்வார்? கமலாட்சி அதற்குள் இன்னொரு சுருளைத் தட்டில் வைத்துவிட்டாள். அவர் எடுத்தார், மென்றார்.

"ரெண்டு வருஷம்!" என்றாள் காளியம்மா.

"வெயில் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், கண்ணீர் மின்னும். இன்னொன்று எடுக்கலாம்" என்றார் கோ ஸேயா.

ராஜரத்தினத்தால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அம்பாரத்தையும் மாட்டையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். பட்டு லுங்கியின் நுனியால் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, விம்மி விம்மி அழுதார்.

கோ ஸேயாவுக்கு எரிச்சல் வந்தது. "ஊ ராஜா, என்ன இது? படத்தில் நிலக்காரர் நீங்கள். அழுவது அவர் வேலை. நீங்கள் பேசாமல் தட்டை மட்டும் நீட்டுங்கள்."

"சரிங்க" என்று ராஜரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கமலாட்சி மடித்துக்கொடுத்த அடுத்த வெற்றிலைக்குக் கையை நீட்டினார்.